ஒரே கை, ஒரே அளவுமுறை வேண்டும்

மதிப்பிற்குரிய மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மார்பக அறுவை சிகிச்சையில் இடது அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பின் என் கை வீங்கிய கதை உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. சென்ற மாதம் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று என்னை அளந்த இளம் சிகிச்சையாளர், "ஆன்ட்டி, கை நன்றாக வற்றியிருக்கிறது" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அன்று காலையில்தான் ரவிக்கையின் இடக்கை ஏறாமல் தையலைப் பிரித்துவிட்டு வந்திருந்தேன். அட்டையை வாங்கிப் பார்த்தேன். முந்தைய முறை மணிக்கட்டு எலும்பிலிருந்து 4 செ.மீ.க்கு ஒரு தடவை கையின் சுற்றளவை நாடாவால் அளந்திருந்தார்கள். இம்முறை நடுவிரல் நுனியிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு தடவை. வலக்கையை அளக்கவே இல்லை, பழைய எண்ணையே எடுத்து எழுதியிருந்தார்கள்.

வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் இறுக்கமாக அணியும் அழுத்த உறையை அந்த அளவை நம்பித் தந்தார்கள், அதை மூன்று நாள் அணிந்தேன். மூன்றாம் நாள் மாலை, சுருண்டுபோன மேல்விளிம்பு கயிறு கட்டியதுபோல் கையில் பள்ளம் பதித்திருந்தது. புறங்கை உப்பி, விரல்முட்டிகள் மறைந்திருந்தன. சப்பாத்தி மாவு பிசைய விரல்கள் மடங்கவில்லை. மறுமுறை வந்தபோதோ, உறையை ஒழுங்காக அணிகிறேனா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

நாடாவில் வரும் சிறு பிழையும் சிறிதாக நிற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததன்று. சுற்றளவின் வர்க்கத்தைக் கொண்டே கன அளவு கணக்கிடப்படுவதால், 28 செ.மீ. சுற்றளவுள்ள இடத்தில் நாடா 1 செ.மீ. தளர்ந்தால் 4 செ.மீ. நீளத்திற்கே ஏறத்தாழ 18 மி.லி. கூடிவிடும், கை நெடுகிலும் அப்படியே தளர்ந்தால், வீக்கம் என்று பரவலாகக் கொள்ளப்படும், இரு கைகளுக்கிடையிலான 200 மி.லி. வேறுபாட்டை நெருங்கிவிடும். நான் வலக்கைப் பழக்கமுள்ளவள். அந்தக் கை இயல்பிலேயே சற்றுப் பருத்திருக்கக்கூடும் என்பதால், இடக்கையின் வீக்கம் கணக்கில் குறைவாகவே தெரியும். அறுவை சிகிச்சைக்கு முன்பே இரு கைகளையும் அளந்து வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திராது. அதை ஏன் எவரும் செய்யவில்லை என்று எண்ணும்போதெல்லாம் மனம் கசக்கிறது. இனி வரும் பெண்களுக்கேனும் அதைச் செய்யுங்கள்.

விலையுயர்ந்த கருவி எதையும் நான் கேட்கவில்லை. கையை நீரில் அமிழ்த்தி வழியும் நீரை அளக்கும் முறையும், அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் கருவியும் உண்டென அறிவேன். நாடாவே போதும், வீக்கம் எந்த இடத்தில் ஏறியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது, தொட்டி நீர் காட்டுவதில்லை. ஆனால் யார் அளந்தாலும் ஒரே முறையில் அளக்க வேண்டும். எங்கிருந்து தொடங்கினார்கள், எத்தனை செ.மீ. இடைவெளி, கை எந்த நிலையில் இருந்தது, நேரம் என்ன என்பன அட்டையிலேயே எழுதப்பட வேண்டும். இரண்டு கைகளையும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும்.

உங்கள் சிகிச்சையாளர்கள் அன்பானவர்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக நோயாளிகள் காத்திருக்க, அவர்கள் படும் அவசரத்தையும் பார்க்கிறேன். ஆனாலும் அந்த அவசரத்தின் விலையை என் கை கொடுக்கிறது. அடுத்த சந்திப்பில் புதிய உறைக்கு அளவெடுக்கும் முன், மணிக்கட்டு எலும்பிலிருந்து இரு கைகளையும் முதலிலிருந்து அளந்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காலை நேரமே ஒதுக்கித் தந்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளுள் ஒருத்தி,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்