இன்றைய ஆட்டத்துக்கு இன்றைய எண்: ரசிகர் ரோஸ்டர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

எம்எல்பி தி ஷோ என்ற பேஸ்பால் வீடியோ கேமுக்கு, எம்எல்பி என்ற முதன்மை லீகுக்குக் கீழுள்ள மைனர் லீக் வீரர்களின் முழு ரோஸ்டர் (பெயர்களும் திறமை எண்களும் கொண்ட பட்டியல்) தொகுத்து இலவசமாகக் கொடுக்கும் குழுக்களுக்கும், எம்விபி பேஸ்பால் 2005 என்ற பழைய கேமை இன்னமும் உயிரோடு வைத்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

உங்கள் உழைப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்கள்தான் இதை எழுதுகிறோம். வீடியோ கேம் நிறுவனங்களுக்கு வீரர்களின் பெயர் உரிமை ஆட்டக்காரர் சங்கம் வழியாகக் கிடைக்கிறது. அந்தச் சங்கத்தில் மைனர் லீக் வீரர்கள் சேர்ந்ததே 2022 செப்டம்பரில்தான். அதற்கு முன் எம்எல்பி அணியின் 40 பேர் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களின் இடத்தில் பெரும்பாலும் கற்பனைப் பெயர்களே இருந்தன. அந்த இடத்தை ஆண்டுதோறும் நிரப்பியது ரசிகர்கள்தான். ஓர் அணியைப் பத்து, பதினைந்து சீசன் நடத்தும் ஃபிரான்சைஸ் முறையில் ஆடுகிற எங்களுக்கு உங்கள் ரோஸ்டர் இல்லாமல் அந்த ஆட்டமே இல்லை.

அதனால்தான் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். இளம் வீரரை இன்று அவர் எப்படி ஆடுகிறாரோ அந்த எண்ணில் போடுங்கள். நாளை அவர் எட்டக்கூடிய உயரத்தைப் பொட்டென்ஷியல் கட்டத்தில் மட்டும் எழுதுங்கள். இப்போது வெளிவரும் பல ரோஸ்டர்களில் இரண்டும் கலந்துவிடுகின்றன. சிறந்த நூறு இளம் வீரர்கள் பட்டியலில் பெயர் வந்த 19 வயதுப் பையன் நேராக எம்எல்பி தொடக்க வீரர் அளவு எண்களோடு மைனர் லீகின் மேலிருந்து இரண்டாம் படியான டபுள்-ஏ-வில் நிற்கிறான். கணினி அணிகள் ஏப்ரலிலேயே அவனை மேலே தூக்கிவிடுகின்றன. அவன் இடத்தில் ஆடிய 30 வயது வீரர் பெஞ்சுக்குப் போகிறார். மூன்றாவது சீசனில் லீக் முழுக்க 22 வயது நட்சத்திரங்கள்.

உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஜாக்சன் ஹாலிடே போதும். 2022 டிராஃப்டின் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் தேர்வு. 2023-இல் ஒரே ஆண்டில் சிங்கிள்-ஏ தொடங்கி மைனர் லீகின் உச்சப் படியான டிரிபிள்-ஏ வரை நான்கு படிகளிலும் ஆடினார். 2024 ஏப்ரல் 10 அன்று ஓரியோல்ஸ் அணிக்கு அறிமுகமானார். பத்து ஆட்டங்களில் 34 அட்-பேட் (அடிக்கும் வாய்ப்பு), 2 ஹிட், 18 ஸ்ட்ரைக்அவுட். அந்த மாதமே டிரிபிள்-ஏ அணியான நார்ஃபோக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, ஜூலை கடைசியில்தான் மீண்டும் வந்தார். மைக் டிரவுட்டும் 2011-இல் 40 ஆட்டங்களில் .220 பேட்டிங் சராசரியில்தான் அடித்தார். அடுத்த ஆண்டு .326, 30 ஹோம் ரன், 49 ஸ்டீல் (அடுத்த பேஸைத் திருடுவது). இந்த இரண்டு வீரர்களின் பொட்டென்ஷியலும் உச்சத்தில் இருக்க வேண்டியதுதான். ஆனால் 2011 ரோஸ்டரில் டிரவுட்டுக்கு 2012-இன் கான்டாக்ட் (பந்தைச் சரியாக அடிக்கும் திறன்) எண்ணைக் கொடுத்தால் அந்த வளர்ச்சி நடக்க இடமே இருக்காது.

எண் போடும் முறைக்கு வருவோம். ஸ்கவுட் அறிக்கைகள் 20 முதல் 80 வரையான அளவுகோலில் வருகின்றன. 50 என்றால் எம்எல்பி சராசரி. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு திட்டவிலக்கம். ஒரே திறமைக்கு இன்றைய மதிப்பு, எதிர்கால மதிப்பு என இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள்: 30/60 என்று இருந்தால் 30-தான் உங்கள் கட்டத்துக்குப் போக வேண்டியது. இதை விளையாட்டின் 0–99 அளவுக்கு மாற்றப் பலர் ஒரு நிலையான அட்டவணை வைத்திருக்கிறார்கள். அது ஒவ்வொரு ஆண்டும் பிழையாகும், ஏனென்றால் விளையாட்டைச் செய்பவர்கள் அடிப்படை எண்களை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஆண்டின் அதிகாரபூர்வ ரோஸ்டரையே அளவுகோலாக்குங்கள். 30 அணிகளின் தொடக்க வீரர்களை மட்டும் ஸ்ப்ரெட்ஷீட்டில் எடுத்து, ஒவ்வொரு திறமைக்கும் நடு மதிப்பையும் திட்டவிலக்கத்தையும் கணக்கிடுங்கள். வலக்கை பிட்சருக்கு எதிரான கான்டாக்டின் நடு மதிப்பு 62, விலக்கம் 13 என்று வந்தால், ஸ்கவுட்டின் 50 என்பது 62. 40 என்பது 49. 30 என்பது 36. 60 என்பது 75. பிட்சர்களில் தொடக்க பிட்சர்களையும் ரிலீவர்களையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். கலந்தால் ரிலீவர்களின் வேகம் நடு மதிப்பை மேலே இழுத்துவிடும்.

36 என்ற கான்டாக்ட் எண்ணைப் பார்த்தால் மனசு கேட்காது. இவ்வளவு பேசப்படுகிற பையனுக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். அங்கேதான் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

வேகத்துக்குப் பழைய அட்டவணை இன்னும் ஆபத்து. 90, 91 மைலை 50 என்று வைத்த காலம் போய்விட்டது. இப்போது எம்எல்பி ஃபாஸ்ட்பால் சராசரியே மணிக்கு 94 மைல் அருகே இருக்கிறது. ‘96 முதல் 98, சில நேரம் 100 தொட்டார்’ என்று அறிக்கை சொன்னால் 97 போடுங்கள். 100 போட்டால் ஆட்டத்தில் அவர் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் 100 வீசுவார். 2023 முதல் டிரிபிள்-ஏ ஆட்டங்கள் எல்லாவற்றின் ஸ்டாட்காஸ்ட் (எம்எல்பி-யின் அளவீட்டு முறை) தரவும் பொதுவில் கிடைக்கிறது. பந்து வேகமும் அடித்த பந்தின் வேகமும் அளந்த எண்ணாகவே இருக்கின்றன. கிடைக்கும் இடத்தில் அறிக்கையின் வார்த்தையைவிட அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கும் அப்படியே. ஸ்பிரின்ட் வேகத்தில் எம்எல்பி சராசரி நொடிக்கு 27 அடி, 30 அடி என்றால் மின்னல். வேகம் வேறு, ஸ்டீல் திறமை வேறு. வேகமாக ஓடும் எல்லோருக்கும் ஸ்டீல் எண்ணையும் அப்படியே நகலெடுத்தால் கணினி அணிகள் கண்டபடி ஓடத் தொடங்கும்.

மைனர் லீக் புள்ளிவிவரத்தை நேராகப் போடுவது அடுத்த பெரிய பிழை. டிரிபிள்-ஏ-வின் இரண்டு லீகுகளில் ஒன்றான பசிபிக் கோஸ்ட் லீகில் ஆல்பகர்க்கி, ரீனோ, சால்ட் லேக் போன்ற உயரமான ஊர்களில் பந்து தூரம் போகும், வளைவு குறையும். அங்கே ஒருவர் அடித்த 30 ஹோம் ரன்னும் மற்றொன்றான இன்டர்நேஷனல் லீகில் அடித்த 30-உம் ஒன்றல்ல. 2023-இல் டிரிபிள்-ஏ முழுவதும் தானியங்கி பந்து-ஸ்ட்ரைக் முறை சோதனைக்கு வந்தபோது வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) விகிதம் ஏறியது; அந்த ஆண்டின் எண்ணை வைத்து டிசிப்ளின் போட்டால் எல்லோரும் பொறுமைசாலிகளாகத் தெரிவார்கள். பிட்சர்களின் கட்டுப்பாடு அதே காரணத்தால் மோசமாகத் தெரியும். சிங்கிள்-ஏ-வில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 13 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவருக்கு எம்எல்பி-யில் 13 எடுப்பவரின் கே/9 எண் கொடுப்பதும் இதே வகைதான். முதலில் அந்த லீகின் சராசரியோடு ஒப்பிடுங்கள், பிறகு லீகின் தரத்துக்காகக் குறையுங்கள், கடைசியில் வயதைப் பாருங்கள்.

வயதைப் பார்க்கும்போது எச்சரிக்கை தேவை. பாட்ரேஸ் அணியின் கேட்சர் ஈத்தன் சலாஸ் 2023-இல் 17 வயதிலேயே டபுள்-ஏ தொட்டார். அடுத்த ஆண்டு ஒரு படி கீழான ஹை-ஏ-வில் அவருடைய சராசரி .200-ஐச் சற்றே தாண்டியது. அந்த வயதில் அந்தப் படியில் நிற்பது பொட்டென்ஷியலுக்கான சான்று. டபுள்-ஏ என்ற முகவரியைப் பார்த்து இன்றைய எண்ணை ஏற்றக் கூடாது. இடக்கை, வலக்கை பிரிவிலும் கவனம் வேண்டும். ஒரு சீசனில் இடக்கை பிட்சருக்கு எதிராக 60 அட்-பேட் மட்டும் இருந்தால் அந்தச் சராசரி எதையும் சொல்லாது. இடக்கை ஆட்டக்காரர்கள் பொதுவாகக் காட்டும் இடைவெளியையே போட்டுவிடுங்கள்.

ஸ்டாமினா பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிட்சர் பால் ஸ்கீன்ஸ் 2024-இல் டிரிபிள்-ஏ-வில் ஏழு ஆட்டங்களில் 27.1 இன்னிங்ஸ் மட்டுமே வீசினார். ஆட்டத்துக்கு நான்கு இன்னிங்ஸ்கூட இல்லை. அதைப் பார்த்து ஸ்டாமினா போட்டவர்கள் அவரை நீண்ட ரிலீவராக ஆக்கிவிட்டார்கள். அதே ஆண்டு பைரேட்ஸ் அணிக்கு 23 தொடக்கங்களில் 133 இன்னிங்ஸ், 1.96 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன்களின் சராசரி). மைனர் லீகில் இன்னிங்ஸைக் கட்டுப்படுத்துவது அணியின் திட்டம், வீரரின் உடல் அல்ல. எத்தனை பந்துகள் வீசினார், நான்காவது இன்னிங்ஸில் வேகம் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். தொடக்க பிட்சராக வளர்க்கப்படுபவரை எம்எல்பி தொடக்க பிட்சர்களின் நடு மதிப்புக்கு ஒரு விலக்கம் கீழே வைப்பது பாதுகாப்பான இடம்.

பொட்டென்ஷியலைச் சிக்கனமாகக் கொடுங்கள். 2013-இன் முதல் தேர்வு மார்க் அப்பெல் எம்எல்பி-க்கு வந்தது 2022-இல், 30 வயதில். 1991-இன் முதல் தேர்வு பிரையன் டெய்லர் வரவே இல்லை. முதல் சுற்றில் எடுக்கப்பட்ட எல்லோருக்கும் உச்ச மதிப்பான ஏ போட்டால் விளையாட்டுக்குத் தோல்வி என்பதே தெரியாது. ரோஸ்டரை வெளியிடும் முன் பத்து சீசன் தானாக ஓடவிடுங்கள். முதல் ஆண்டில் மொத்த மதிப்பு 90-க்கு மேல் எத்தனை பேர், பத்தாம் ஆண்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். லீகின் பேட்டிங் சராசரியையும் ஹோம் ரன்னையும் ஒப்பிடுங்கள். 90-க்கு மேற்பட்டோர் இரட்டிப்பானால் பொட்டென்ஷியலை எல்லோருக்கும் ஒரே அளவில் இறக்குங்கள். உங்களுக்குப் பிடித்த அணிக்கு மட்டும் விலக்கு வேண்டாம்.

இதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது சர்வீஸ் டைம், அதாவது எம்எல்பி-யில் கழித்த நாட்கள். 172 நாள் ஒரு முழு ஆண்டு. ஆறு ஆண்டில் எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட். கிரிஸ் பிரையன்ட் 2015-இல் 171 நாளோடு முடித்ததால் ஓர் ஆண்டு கழித்தே விடுதலையானார். ஸ்கீன்ஸ் மே 11 அன்று அறிமுகமாகியும், சிறந்த புதுமுகம் விருது வென்றதால் 2022-இல் சங்கத்தோடு போட்ட ஒப்பந்த விதிப்படி முழு ஆண்டும் கிடைத்தது. அறிமுக நாளிலிருந்து நாட்களை எண்ணுவது அதனால் போதாது. பிரூவர்ஸ் அணியின் ஜாக்சன் சோரியோ எம்எல்பி-யில் ஓர் ஆட்டம்கூட ஆடும் முன்பே 8 ஆண்டு, 82 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டவர். அவரைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் விட்டால் பிரூவர்ஸின் முழுக் கணக்கும் பொய். வீரரை மைனர் லீகுக்கு இறக்க அணிக்குக் கிடைக்கும் மூன்று ஆப்ஷன் ஆண்டுகளில் எத்தனை செலவானது என்பதையும் பதியுங்கள். 40 பேர் பட்டியலில் இல்லாதவரை அதில் போட்டுவிடாதீர்கள். இடம் நிரம்பியதும் கணினி யாரோ ஒரு நல்ல மூத்த வீரரை வெளியே அனுப்பும்.

யாரைச் சேர்ப்பது? 40 பேர் பட்டியல் முதலில். அடுத்து, வரும் டிசம்பர் ரூல் 5 டிராஃப்டுக்குள் (40 பேர் பட்டியலில் சேர்க்கப்படாதவர்களை மற்ற அணிகள் எடுக்கும் டிராஃப்ட்) அணி காப்பாற்ற வேண்டியவர்கள். 18 வயது அல்லது அதற்குள் ஒப்பந்தமானவருக்கு ஐந்து சீசன், அதற்கு மேல் என்றால் நான்கு என்று எண்ணினால் பெயர்கள் கிடைத்துவிடும். பிறகு அண்மை டிராஃப்டுகளின் மேல் சுற்றுகள். ஆனால் பட்டியல்களை மட்டும் நம்பினால் ஓர் அணியில் ஒன்பது ஷார்ட்ஸ்டாப், பன்னிரண்டு தொடக்க பிட்சர், ஒரே கேட்சர் என்று ஆகும். டிரிபிள்-ஏ-வில் இரண்டு கேட்சர்களும் ஏழெட்டு ரிலீவர்களும் இல்லையென்றால் கணினி ஷார்ட்ஸ்டாப்பைக் கேட்சராக உட்கார வைக்கும். எந்தப் பட்டியலிலும் பெயர் வராத 28 வயதுக் கேட்சரையும் இடக்கை ரிலீவரையும் அதே அக்கறையோடு உருவாக்குங்கள். மைனர் லீகைத் தாங்குவதே அவர்கள்தான்.

டொமினிகன் கோடை லீகில் ஆடும் 16, 17 வயதுப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். விளையாட்டின் மிகக் கீழான படியும் அவர்களுக்கு மேலானது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் எண் பொய்யாகவே இருக்கும். அவர்களுடைய சொந்தப் பக்கங்களிலிருந்து படம் எடுத்து முகம் செய்வதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு வழி சொல்கிறோம். மேக்ஸ் மன்சி என்று இருவர் இருக்கிறார்கள். இருவரையும் டிராஃப்டில் எடுத்தது ஏ’ஸ் அணி. ஒருவரை 2012-இல், மற்றவரை 2021-இல். இருவரும் பிறந்தது ஆகஸ்ட் 25. ஆண்டு மட்டும் 1990, 2002. பெயரும் பிறந்த நாளும் வைத்துப் பொருத்தும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஆண்டைத் தவறவிட்டால் இளையவருக்கு மூத்தவரின் ஹோம் ரன் சக்தி வந்துவிடும். எம்எல்பி ஒவ்வொரு வீரருக்கும் கொடுத்திருக்கும் அடையாள எண்ணை முதல் நெடுவரிசையாக வையுங்கள். எடையையும் சரிபாருங்கள், 16 வயதில் ஒப்பந்தமானபோது எழுதிய எடையே பல ஆண்டுகள் அதிகாரபூர்வப் பக்கத்தில் மாறாமல் கிடப்பதுண்டு. வர்ணனையில் அந்தக் குடும்பப் பெயர் பதிவாகவில்லையென்றால் ஒலி ஒத்த வேறு பெயரைப் போட வேண்டாம். பெயரில்லாமல் விடுவது மேல்.

வெளியிடும்போது கோப்போடு மூன்றையாவது சேர்த்துத் தாருங்கள்: எந்தத் தேதி வரையான நிலவரம், எந்த நடு மதிப்பு–விலக்கத்தில் எண்கள் மாற்றப்பட்டன, முந்தைய பதிப்பிலிருந்து யார் யாருடைய எண் மாறியது. ஸ்ப்ரெட்ஷீட்டையும் திறந்து வைத்தால், ஒவ்வோர் அமைப்பையும் நெருக்கமாகப் பின்தொடர்பவர்கள் தங்கள் அணியின் வரிசைகளைச் சரிபார்த்து அனுப்புவார்கள். ரூல் 5 காப்பு நாள் நவம்பரில் வருகிறது. அதற்கு முன் டபுள்-ஏ, டிரிபிள்-ஏ வரிசைகள் கிடைத்தால் சரிபார்க்கும் வேலையை எங்களிடம் விடுங்கள்.