எந்தச் சொந்தத்தோட?

அன்புள்ள தம்பிக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, நடுவில் உன் அப்பாயி "யாரு, தம்பியா?" என்று தலையை நீட்ட, பேச்சு தடம் மாறிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது.

"கொஞ்ச நாளைக்கு ஆன் மை ஓன் இருக்கலாம்னு பாக்குறேன்மா" என்றாய். கூடத் தங்கியிருந்த பையன் காலிசெய்துவிட்டான், வேறு ஆள் தேடப்போவதில்லை, அவ்வளவுதான் விஷயம். நீ போனை வைத்ததும் அப்பாயி, "என்னவாம்?" என்றார். அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்தபடி, "சொந்தமா இருக்கப் போறானாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "எந்தச் சொந்தத்தோட? மெல்பர்ன்ல நம்ம ஆளுங்க யாரு இருக்கா?"

"சொந்தக்காரங்களோட இல்ல அத்தை, தனியா" என்று திருத்தினேன். அந்தச் சிரிப்பு அப்படியே அணைந்துபோனது. "தனியாவா? ஏன், என்ன ஆச்சு அவனுக்கு?"

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. உன்னைப் பற்றிய கவலை இல்லை (சரி, கொஞ்சம் உண்டு). நீ சொன்ன அந்த 'ஓன்' என்ற சொல்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 31 வருஷம் வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து வீடு வாங்குகிறவர், விற்கிறவர் பத்திரங்களைத் தட்டச்சு செய்தவள் நான். ஓனர், ஓனர் என்று எத்தனை ஆயிரம் தடவை தட்டியிருப்பேன்! ஒரு தடவைகூட நின்று அதன் முகத்தைப் பார்த்ததில்லை.

1988இல் சிங்கப்பூரில் இந்த அங் மோ கியோ வீட்டை மறுவிற்பனையில் வாங்கியபோது, "சொந்த வீடு வாங்கிவிட்டோம்" என்று உன் அப்பா தஞ்சாவூருக்குக் கடிதம் எழுதினார். பத்திரத்தில் அப்படி இல்லை. 99 வருஷக் குத்தகை, நாங்கள் குத்தகைதாரர்கள், 2078இல் முடிகிறது. 1964இல் அரசாங்கம் தொடங்கிய திட்டத்துக்கு 'ஹோம் ஓனர்ஷிப்' என்று பெயர். 1968இல் சிபிஎஃப், அதாவது மத்திய சேமநிதிப் பணத்தை வீட்டுக்குப் போடலாம் என்றானதும் ஊரில் பாதிப் பேர் ஓனர் ஆகக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வந்த சிலர் பத்திரத்தில் 'லெஸ்ஸீ' (குத்தகைதாரர்) என்ற இடத்தில் விரலை வைத்து, "இது யாரு?" என்று கேட்பார்கள். "நீங்கதான்" என்பேன். நம்பமாட்டார்கள்.

கேலாங் லோரோங் 3இல் 191 வரிசை வீடுகள் இருந்தன, நினைவிருக்கிறதா? 60 வருஷக் குத்தகை. 2020 டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தது, நிலம் அரசாங்கத்திடம் திரும்பிப் போனது. இழப்பீடு என்று ஒன்றும் இல்லை. ஓனர் என்ற சொல்லுக்கும் பால் பாக்கெட்டு மாதிரி கடைசித் தேதி உண்டென்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. 2078இல் எனக்கு இந்த வீடு எதற்கு?

பத்திரத்தில் எங்கள் இருவர் பெயரும் 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' என்று இருந்தது. ஓனருக்கே டெனன்ட் என்று பெயர்! பழைய பிரெஞ்சு மொழியில் டெனன்ட் என்றால் பிடித்துக்கொண்டிருப்பவர். இந்த வகையில் உன் பங்கு, என் பங்கு என்று பிரிப்பதில்லை. ஒருவர் போனால் முழுவதும் மற்றவருக்கு. அப்பா போன பிறகு நான் செய்யவேண்டியிருந்தது இறப்புச் சான்றிதழை வைத்து ஒரு படிவம் கொடுப்பதுதான். எத்தனையோ பேருக்குப் பத்து நிமிஷத்தில் நிரப்பிக்கொடுத்த படிவம். என் பெயரை எழுத வேண்டி வந்தபோது பேனா நகரவில்லை. முழு வீட்டுக்கும் ஓனர் ஆனதும், ஆன் மை ஓன் ஆனதும் எனக்கு ஒரே நாளில்.

இதில் ஒரு வேடிக்கை பார். இந்தச் சொல் இலக்கணத்தில் தனியாக நிற்கவே நிற்காது. 'ஆன் ஓன் கார்' என்று சொல்ல முடியாது. மை, யுவர், ஹிஸ் என்று யாராவது முன்னால் நின்று கையைப் பிடிக்க வேண்டும். (ஓன் கோல் மட்டும் விலக்கு. தன் வலைக்குள் தானே பந்தை அடிப்பவனுக்குத் துணை வேண்டாம் போலிருக்கிறது.) சென்னையிலிருந்து வரும் உன் மாமா "ஹி இஸ் மை ஓன் பிரதர்" என்றால் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். அவர்மேல் தப்பில்லை. நமக்குப் பெரியப்பா மகனும் அண்ணன்தான், பெரியம்மா மகனும் அண்ணன்தான். அப்போது கூடப்பிறந்தவனை எப்படிப் பிரித்துச் சொல்வது? 'சொந்த அண்ணன்' என்றுதான். வெள்ளைக்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நாம் பேசும் தமிழில் ஓன் பண்ணுவதற்கென்று தனி வினைச்சொல்லே கிடையாது. எனக்கு வீடு இருக்கு, என்கிட்ட காசு இருக்கு. வீடு தன்பாட்டுக்கு இருக்கிறது, எனக்கு இருக்கிறது. 'கார் வச்சிருக்கேன்' என்போம். 'பிள்ளை வச்சிருக்கேன்' என்று யாராவது சொல்வார்களா? 'என்கிட்ட ஒரு பிள்ளை இருக்கு' என்றால் எவரோ வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன குழந்தை என்று அர்த்தம். 'எனக்கு ஒரு பிள்ளை' என்றால்தான் நீ.

எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) மறுநாள் லிஃப்ட் வாசலில் கேட்டேன். மலாயில் 'செண்டிரி' என்று ஒரே சொல்லாம். ரூமா செண்டிரி என்றால் சொந்த வீடு, பெர்கி செண்டிரி என்றால் தனியாகப் போவது, டியா செண்டிரி என்றால் அவனே, அவன் தானே. சொந்தம், தனி, தான் என்று நாம் மூன்று டப்பாவில் போட்டு வைத்ததை அவர்கள் ஒரே டப்பாவில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நம்ம ஊர் ஆங்கிலமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. "ஓன்செல்ஃப் செக் ஓன்செல்ஃப்" (தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்வது) 2015 தேர்தல் சமயத்தில் எல்லார் வாயிலும் இருந்ததே. நீ தெக்கோங் தீவில் ராணுவப் பயிற்சி முடித்து வந்த புதிதில் கற்றுக்கொண்டு வந்த "ஓன் டைம் ஓன் டார்கெட்" (அவரவர் நேரம், அவரவர் இலக்கு; சுருக்கமாக 'ஓட்டோட்') வேறு. துப்பாக்கி சுடும் திடலில் கொடுக்கிற கட்டளை, நீ அதைச் சனிக்கிழமை துணி துவைப்பதற்கும் சொல்லிக்கொண்டிருந்தாய். "எப்பப்பா செய்வ?" "ஓட்டோட் மா!" ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கெட் அப்படியே கிடக்கும்.

நூலகத்தில் பெரிய அகராதியையும் எடுத்துப் பார்த்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை? பழைய ஆங்கிலத்தில் 'ஆகன்' என்று ஒரு வினைச்சொல், தன்னிடம் இருப்பது என்று பொருள். 'ஓன்' அதிலிருந்து வந்தது. சரி. 'ஓ', அதாவது கடன்பட்டிருப்பது, அதுவும் அதே வேர். 'ஆட்', செய்தாக வேண்டும் என்கிறோமே, அது அந்த 'ஓ'வின் இறந்தகாலமாம். என்னிடம் இருக்கிறது, நான் கடன்பட்டிருக்கிறேன், நான் செய்தாக வேண்டும்: மூன்றும் அக்காள் தங்கைகள். அகராதியை மூடாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நம் 'கடன்' மட்டும் என்ன? வாங்கிய பணமும் கடன், செய்யவேண்டிய கடமையும் கடன். புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு, "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று தொடங்குமே. பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன், வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடன் என்று வரிசையாகப் போகும். கடைசியில் மகனுக்கு ஒன்று உண்டு: யானையை வீழ்த்திவிட்டுப் 'பெயர்தல்', அதாவது திரும்பி வருதல். யானை உன் சௌகரியம். மற்றதைப் பற்றி நான் இப்போது ஒன்றும் கேட்கவில்லை.

இவ்வளவு சுற்றி வந்ததற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. ஓன் என்றால் ஒத்துக்கொள்வது என்றும் பொருள். ஓன் அப் என்பார்களே. அலுவலகத்தில் ஒரு தடவை முத்திரைத் தீர்வை கட்டத் தாமதமாகிவிட்டது. கையெழுத்தான 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கோப்பு நாலு நாள் வக்கீல் மேசையிலேயே தூங்கியது. அபராதம் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "யூ மஸ்ட் டேக் ஓனர்ஷிப்" என்றார். ஓனர்ஷிப் எனக்கு, ஓனர் அவர்! அன்றிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். ஆனால் வேறொரு விஷயத்தில் நானும் அந்த வக்கீலைப் போலத்தான் நடந்திருக்கிறேன்.

உன் ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்த வாரம். மேற்படிப்பு விண்ணப்பத்தில் 12 விருப்பம் போடலாம். நீ ஒலிப்பதிவு சம்பந்தப்பட்ட படிப்பை முதலில் போட்டிருந்தாய். அதைக் கீழே தள்ளிக் கணக்கியலை மேலே ஏற்று என்று சொன்னவள் நான். "என் பிள்ளைக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் மாற்றினாய். பிறகு கணக்கு அலுவலகத்தில் இரண்டு வருஷம் முகம் செத்துப்போய் வந்து போனாயே, அப்போது சொந்தக்காரர்கள் கேட்டால், "அவனே எடுத்த படிப்பு" என்று சொல்லிவிடுவேன். 26 வயதில் நீ வேலையை விட்டுவிட்டு மறுபடி மாணவனாக மெல்பர்னுக்குக் கிளம்பியபோதும், "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்று பெருமூச்சு விட்டேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. நல்லது நடந்தால் என் பிள்ளை, கோணலாகப் போனால் அவன் முடிவு. அது உன் முடிவு இல்லை தம்பி. நான் செய்தது. எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் கடிதம். பத்திரம் தட்டிய கைக்கு வாய்மொழியில் நம்பிக்கை வருவதில்லை.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்றில்லை.

வேறு செய்தி: உயில் எழுதிவிட்டேன், பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. சிபிஎஃப் பணம் உயிலில் அடங்காது, அதற்கு நாமினேஷன் தனி, அதுவும் முடிந்தது. நீயும் இங்கே சிபிஎஃப்பில் விட்டுப்போன பணத்துக்கு நாமினேஷன் செய்திருக்கிறாயா என்று பார். உன் அறையில் அந்த கேம் பெட்டிகள், ஒயர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கரப்பான் வருகிறது. எதை வைப்பது, எதைத் தூக்கிப்போடுவது என்று சொல். உன் சாமான், நானாகத் தொடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் நேரம் ஏழு மணிக்குக் கூப்பிடு. உனக்கு அப்போது மணி ஒன்பதோ பத்தோ இருக்கும். அப்பாயி கையில் போனைக் கொடுத்துவிடுகிறேன். நீ ஏன் தனியாக இருக்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய் என்றெல்லாம் கேட்பார். நீயே சொல்லிக்கொள். இந்தத் தடவை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

அம்மா