புல் அறுத்த தேதியைக் குறித்து வைத்தவருக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

ஆஸ்திரியாவில் இன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கோல்சாஸ் ஊர்ப் புல்வெளியில் நிற்கும் ஃபிளக்ஸ் கோபுரத்தில் என் அளவீட்டு வேலை முடிந்துவிட்டது. மலைப்பகுதிக் காற்றை ஆராய இன்ஸ்புரூக் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் ஐ-பாக்ஸ் நிலையங்களில் அது ஒன்று. கிட்டத்தட்ட 17 மீட்டர் உயரம். அதிலுள்ள மீயொலிக் காற்றுமானி ஒரு நொடிக்குள் பலமுறை காற்றை அளக்கும். பக்கத்தில் ஈரத்தை அளக்க இன்னொரு கருவி. நிலத்திலிருந்து எவ்வளவு வெப்பமும் நீராவியும் மேலே போகின்றன என்று அரைமணிக்கொரு கணக்கு வரும்.

முதல் நன்றி நிலத்துக்காரருக்கு. ஜூனில் ஒருநாள் நீராவிக் கணக்கு சட்டென்று விழுந்தது, வெப்பம் ஏறியது. கருவி கெட்டுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். பத்து நாள் கழித்துப் போய் லென்ஸைத் துடைத்தேன், கேபிளைக் கழற்றி மாட்டினேன். அவர் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து, "எந்தத் தேதி?" என்றார். சொன்னேன். "அன்னைக்குத்தானே புல் அறுத்தேன்!"

இலை போனால் நீராவி ஏது? வெயிலெல்லாம் காற்றைச் சூடாக்கத்தான் போகும். அதற்குள் புல் கணுக்கால் அளவு வளர்ந்திருந்ததால் எனக்கு உறைக்கவில்லை. அவர் வீட்டு அடுப்படிக் காலண்டரில் அறுத்த நாள், எரு அடித்த நாள் எல்லாம் பென்சிலில் இருந்தன. படம் எடுத்துக்கொள்ள விட்டார். என் கோப்பில் நான் சந்தேகப்படாத விவரம் அது ஒன்றுதான்.

ஜனவரியில் குளிர்காற்று பள்ளத்தில் குளம்போல் தேங்கி, காற்றுமானியில் உறைபனி பிடித்தபோது, இடுப்பில் வார் கட்டி ஏறிய தொழில்நுட்ப அண்ணனுக்கு நன்றி. நான் கீழே நின்று கயிறு பிடித்தேன், அவ்வளவே.

அப்புறம் என் அறைத்தோழிக்கு. பகலில் பள்ளத்தாக்கு வழியே மேல்நோக்கி வீசும் காற்று இரவில் திரும்பிக் கீழிறங்கும். "மலைச்சரிவில் இருக்கும் மற்ற நிலையங்களைவிட உன் கோபுரத்தில் மட்டும் சரியாக ஒரு மணி நேரம் தாமதமாகத் திரும்புகிறதே" என்று கண்டுபிடித்தது அவள்தான். அளவுகளைப் பதியும் லாகர் கருவியின் கடிகாரத்தை, ஒரு மணி நேரம் முன்னே ஓடும் ஐரோப்பியக் கோடை நேரத்தில் வைத்த மகானுபாவர் நானேதான்.

நிலத்துக்காரரால் இதைப் படிக்க முடியாது. நேரில் சொல்லிவிட்டேன், என் அரைகுறை ஜெர்மனில்.

கார் கொடுத்த நண்பா, நீ படிப்பாய். பின்சீட்டில் இன்னும் எரு வாசனை அடித்தால் மன்னித்துக்கொள். அடுத்த வாரம் கழுவித் தருகிறேன்.

அன்புடன்,
கோபுரத்தடியில் நின்றவள்