காணிக்கை வாங்குறதுக்கு முன்னாடி அம்மாவை விசாரிங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வயசானவங்களுக்கு நடக்கிற கொடுமை பத்தி பேப்பர்ல வர்றதெல்லாம் அடிச்சாங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போனாங்கன்னு போலீஸ் வரைக்கும் போன கேசுதான். கன்னியாகுமரி மாவட்டத்துல எங்க விளவங்கோடு பக்கம் போலீசுக்குப் போகாத கொடுமை நிறைய வீட்டுல நடக்குது, அதுவும் தினமும் குடும்ப ஜெபம் நடக்கிற வீட்டுல, அதைத்தான் எழுதணும்னு நினைச்சேன்.

சபை பெண்கள் சங்கத்துல இருந்து வீடு சந்திக்கப் போறது எங்க வழக்கம். ஒரு வீடு, நல்ல மாடி வீடு, முன்னால கார் நிக்குது, ஹால்ல பெரிய வசன பிரேம். அம்மச்சிய கேட்டா பின்னால சாய்ப்புல படுத்திருக்காங்கன்னு சொன்னாங்க. போய்ப் பாத்தா உதடு காஞ்சு வெடிச்சிருக்கு, வெள்ளம் கேட்டாங்க, குடுத்ததும் மடமடன்னு குடிச்சிட்டு யாராவது வாறாங்களான்னு வாசலையே பாக்காங்க. சாயங்காலம் ஆயிட்டா அவங்களுக்கு வெள்ளம் குடுக்கிறதில்லையாம், ராத்திரி படுக்கைய நனைச்சிருவாங்கன்னு. கண்ணாடி உடைஞ்சு மாசக்கணக்காச்சு, மாத்திக் குடுக்க ஆளில்ல, அதனால வேதம் வாசிக்க முடியல. புருஷனோட ஃபேமிலி பென்ஷன் வருது, ஆனா ஏடிஎம் கார்டு பேரன் கைல. இந்த அம்மச்சிய யாரும் அடிக்கல்ல. அடிக்காததனால இது கொடுமை இல்லன்னு ஆயிருமா? வெளிய யாருட்டயாவது சொன்னீங்களான்னு கேட்டதுக்கு, "எனக்க மவனைப் பத்தி நான் சொன்னா எனக்குத்தானே மக்களே நாணக்கேடு"ன்னு கையைப் பிடிச்சிட்டு அழுதாங்க.

அந்த மவன் சபைக்கு நல்லா குடுக்கிற ஆளு. ஆலய கட்டட நிதிக்கும் குடுப்பாரு, அசனத்துக்கு, அதான் சபை விருந்துக்கு, அரிசியும் குடுப்பாரு. மாற்கு 7ம் அதிகாரத்துல இயேசு இதைத்தானே கண்டிச்சாரு, பெத்தவங்களுக்குச் செய்ய வேண்டியதை காணிக்கையா குடுத்துட்டேன்னு சொல்லி ஒருத்தன் கைகழுவிட்டா அவன் கடமை தீந்துதுன்னு பரிசேயரும் வேதபாரகரும் விட்டுட்டாங்க, இப்படித்தான் தேவனோட கட்டளைய அவமாக்குறீங்கன்னு அவங்க முகத்துக்கு நேரா சொன்னாரு. சொன்னது குடுத்தவனைப் பாத்து மட்டும் இல்ல, அதுக்கு இடம் குடுத்த மதத்தலைவர்களைப் பாத்து. அதனால எங்க போதகர்மாரும் கமிட்டிக்காரங்களும் நான் சொல்றதை வருத்தமா எடுத்துக்கிடாதீங்க, பெரிய தொகை வாங்குறதுக்கு முன்னாடி அவரோட அம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தை விசாரிங்க. சொந்த வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது விதவைகளைப் பத்தி சொல்ற அதே 5ம் அதிகாரத்துலதான். அன்னையர் தினத்துக்கு மேடைல ஏத்தி சால்வை போடுறதோட முடிஞ்சு போற காரியம் இல்ல.

இன்னொண்ணு, நடக்க முடியாதவங்களுக்கு திருவிருந்து வீட்டுக்குக் கொண்டு போறாங்க, நல்ல காரியம், ஆனா மவனும் மருமவளும் கட்டில் பக்கத்துலயே நிப்பாங்க, போதகர் "சுகமா இருக்கீங்களா"ன்னு கேட்டா அவங்க முன்னால அம்மச்சி என்ன சொல்லுவாங்க? பத்து நிமிஷம் எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு தனியா பேசணும். சொன்ன பிறகு "சகிச்சிக்கிடுங்க, ஜெபம் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வரக்கூடாது. சிலுவைல தொங்கும்போதே தாயை யோவான் கைல ஒப்படைச்ச ஆண்டவரைத்தான் நாம கும்பிடுறோம், அன்னைல இருந்து அந்த சீஷன் அவங்களை தன் வீட்டுல சேத்துக்கிட்டான்னுதான் எழுதியிருக்கு.

சொத்து விஷயம்தான் எல்லாத்துக்கும் வேர். இருக்க வீட்டையும் பத்து சென்ட் ரப்பர் விளையையும் செட்டில்மென்ட் எழுதிக் குடுத்த அன்னைக்கு வரைக்கும் அம்மா அம்மான்னு இருப்பாங்க. 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்துல 23ம் பிரிவு இருக்கு, கடைசி வரைக்கும் பாத்துக்கிடணும்னு சொல்லி எழுதிக் குடுத்துட்டு அவங்க பாக்கலேன்னா பத்திரத்தை ரத்து பண்ணலாம். அந்த நிபந்தனைய பத்திரத்துலயே எழுதணும், வாய்ப்பேச்சா விட்டா பிறகு கோர்ட்டுல இழுபறி. எழுதப் போறவங்க பத்திரம் எழுதுறவர்ட்ட இதைக் கேட்டு எழுத வைங்க, மவன் மேல சந்தேகப்படுறதா நினைக்காதீங்க. புள்ளைங்ககிட்ட ஜீவனாம்சம் கேட்டு மனு குடுக்கவும் வக்கீல் தேவையில்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆட்கள் நாகர்கோவில் ஆர்டிஓட்ட (வருவாய் கோட்டாட்சியர்) போகலாம், கல்குளம், விளவங்கோடு பக்கம் உள்ளவங்க பத்மநாபபுரம் சப் கலெக்டர் ஆபீசுக்கு. போக முடியாத நிலைல இருந்தா அவங்க சம்மதத்தோட வேற ஒருத்தரோ ஒரு அமைப்போ மனு குடுக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு, அப்போ சபையே ஏன் குடுக்கக்கூடாது?

மருமவள்மாரை மட்டும் குத்தம் சொல்றதும் எனக்கு சம்மதமில்ல. மாப்பிள்ளை கல்ஃப்ல, புள்ளைங்க ஸ்கூல்ல, மறதி வந்த மாமியார் ராத்திரி முழுக்க உறங்காம கதவைத் தட்டுவாங்க, ஒத்தைக்கு ஒருத்தி எத்தனை வருஷம் பாப்பா? சொத்து மவன் பேருல, கூடப்பிறந்தவங்க போன்ல அட்வைஸ், பீத்துணி அலசுறது மட்டும் இவ. அப்படிப்பட்ட வீட்டுக்கு சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு பேரு போய் அம்மச்சி பக்கத்துல இருந்தா அந்த புள்ள கொஞ்சம் உறங்குவா. எங்க சங்கத்துல இதைச் சொல்லியிருக்கேன், நாலஞ்சு பேரு வாறோம்னு சொல்லியிருக்காங்க.

ஆசிரியர்ட்ட ஒரு வேண்டுகோள். முதியோர் உதவி எண் 14567, இலவசம், இதை கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க. அதோட ஆர்டிஓவுக்கு மனு எப்படி எழுதணும்னு ஒரு மாதிரி மனுவும் ஒரு பக்கத்துல வந்தா நல்லாருக்கும், வந்த உடனே வெட்டி எடுத்து எங்க சபை போர்டுல நானே ஒட்டுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம்.