கொரிய ‘நைட் செட்’: தமிழ்க் கையேட்டுப் பிழை குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய கொரிய ‘நைட் செட்’டில் 7% கிளைகாலிக் அமில டோனர், 0.1% ரெட்டினால் சீரம், சிகா (வல்லாரை) கிரீம் மூன்றும் இருந்தன. பொருள்களைக் குறை சொல்லவில்லை. கூடவே நீங்கள் அச்சடித்து வைத்த தமிழ்க் கையேடுதான் வினை.

“தினமும் இரவு டோனர், உடனே சீரம், கடைசியில் கிரீம். வல்லாரை இருப்பதால் எரிச்சல் வராது” என்கிறது அது. அப்படியே செய்ததில் நான்காம் நாள் மூக்கோரம் தோல் உரிந்தது. பச்சைத் தண்ணீர் பட்டாலே சுரீரென்றது. உங்கள் சாட்டில் கேட்டால், “எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்” என்றார்கள். ரெட்டினாலுக்கு லேசாக உரிவது சகஜம். தண்ணீருக்கே எரிகிறதென்றால் தோலின் காப்பு அடுக்கு பழுதாகிவிட்டது என்று பொருள்.

கிளைகாலிக் அமிலம் மேல்தோலின் இறந்த செல்களுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்தும். ரெட்டினால் தோல் செல்களைப் புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டும். பழகாத முகத்தில் இரண்டையும் ஒரே இரவில் போட்டுவிட்டு, மேலே வல்லாரையைப் பூசினால் போட்டது ரத்தாகிவிடாது. வல்லாரையின் மடிகாசோசைடு சிவப்பைத் தணிக்கும், கிரீமில் உள்ள பாந்தெனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அதுவும் இந்த கிரீமில் வல்லாரைச் சாறு எவ்வளவு? பெட்டியின் பட்டியலில் ஃபினாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் நிற்கிறது. அந்தப் பதப்படுத்திக்கு உச்சவரம்பே 1%; 1%-க்கு மேல் உள்ளவற்றை அளவு வரிசைப்படி முன்னால்தான் எழுத வேண்டும். அப்படியானால் சாறும் அதற்கு மேல் இருக்க வழியில்லை.

0.5%-க்கு மேல் ஏஎச்ஏ (கிளைகாலிக் போன்ற அமிலங்கள்) இருந்தால், வெயில் தாங்காமை பற்றியும் முதலில் சிறு இடத்தில் பூசிப் பார்ப்பது பற்றியும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது கொரிய விதி. டோனர் பெட்டியிலும் அது இருக்கிறது. அந்த வரிகள் மேலேயே உங்கள் எம்ஆர்பி ஸ்டிக்கர்! நகத்தால் சுரண்டி எடுத்த பிறகுதான் எழுத்தே தெரிந்தது. தமிழ்க் கையேட்டில் சன்ஸ்கிரீன் என்ற சொல்லே இல்லை. கர்ப்பிணிகள் ரெட்டினாலைத் தவிர்க்க வேண்டும் என்பதும் இல்லை.

கையேடு சொல்லியிருக்க வேண்டியது இது: காதுக்குப் பின்னால் பூசி இரண்டு நாள் பாருங்கள். முதல் மாதம் டோனர் வாரத்தில் ஓர் இரவு. ரெட்டினால் இரண்டு மூன்று நாள் தள்ளி வேறோர் இரவு. மற்ற இரவுகளில் கிரீம் மட்டும். ரெட்டினால் இரவில் முகம் நன்றாகக் காய்ந்த பின் மெல்லியதாகக் கிரீம், பட்டாணி அளவு சீரம், மறுபடி கிரீம். மூக்கு மடிப்பிலும் உதட்டோரத்திலும் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின். காலையில் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்கு. எரிந்தால் டோனர், சீரம் இரண்டையும் நிறுத்திவிட்டு, தோல் ஆறும்வரை கிரீம் மட்டும்.

முழுத் தொகையையும் 15 நாளுக்குள் திருப்பித் தரவும். கையேட்டைத் திருத்தி, இதே செட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் செய்தி அனுப்பவும். ஸ்டிக்கரை எச்சரிக்கை மீது ஒட்டாதீர்கள்; பெட்டியில் வேறு இடம் தாராளமாக இருக்கிறது.

பில், கையேடு, ஸ்டிக்கர் நீக்கிய பெட்டி ஆகியவற்றின் படங்கள் இணைப்பில்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்