நம்ம பைப் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். கூட்டத்துல வாசிச்சா பாதிப்பேர் காதுக்குத்தான் போகும், மீதிப்பேர் வர்றதே இல்ல, அதனால இந்தத் தடவ முழுசா எழுதியே போட்டுடுறேன்.

மாசக் கூட்டம் பன்னெண்டுல ஒம்பது நடந்துச்சு. புகையிலை பிடிக்கிற பைப்ப எப்படிச் சுத்தம் பண்றதுன்னு கே.கே.நகர் சார் ஒரு ஞாயித்துக்கெழம செஞ்சு காட்டுனாரு. மார்ச் கடைசியில ஏழு பேர் புகையிலை விளையுற வேடசந்தூர் பக்கம் போயிட்டு வந்தோம். வேற பெருசா நிகழ்ச்சி இல்ல.

இப்ப அலமாரி விஷயம். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன், நம்ம ஊர்ல நல்ல பைப் புகையிலை கடையில கேட்ட உடனே கிடைக்காது, யாராச்சும் வெளிநாடு போயிட்டு வந்தாத்தான். அதுலயும் ஒரு ஆளுக்கு டூட்டி இல்லாம 125 கிராம்தான், டின்னு 50 கிராம், அப்ப ரெண்டு டின்னோட கதை முடிஞ்சது. இப்படி ரெண்டு ரெண்டா வர்றதச் சேர்த்து ஜாடியில போட்டு வெச்சாத்தான் வருஷக்கணக்குல பழுக்க வைக்க முடியும்னுதான் 2019-ல பொது அலமாரியே ஆரம்பிச்சோம். அப்ப மூடி வெச்சது வர்ஜீனியா ஃப்ளேக், அதாவது வர்ஜீனியா ரக இலைய அழுத்தித் தகடா வெட்டுனது, மூணு ஜாடி, அஞ்சு வருஷம் யாரும் தொடக்கூடாதுன்னு பேச்சு.

போன சித்திரைத் திருவிழா முடிஞ்ச ஞாயித்துக்கெழம மொத ஜாடியத் திறந்தோம். வந்தவங்க ஆறு பேருக்குத் தெரியும். உள்ள வைக்கும்போது வெளிர் பழுப்பா இருந்த இலை பனங்கருப்பட்டி கலருக்கு வந்திருந்துச்சு, மூடியத் தூக்குன உடனே லேசா ஒரு காடி வாடை, பத்து நிமிஷம் ஆறவிட்டதும் அது போயி காஞ்ச அத்திப்பழ வாசம். வர்ஜீனியாவுல சர்க்கரை அதிகம், காலம் போகப் போக அந்தக் காரம் தணிஞ்சு இனிப்பு உருண்டு வருது. பர்லிங்கிற ரகத்துல சர்க்கரை கம்மி, அது இந்த அளவுக்கு மாறாது. புகை போட்டுப் பதப்படுத்துன லட்டாக்கியா பழசாக ஆக அந்தப் புகைமணம் மங்கிடும், அதனால அந்தப் புகைமணத்துக்காகவே வாங்குறவங்க ரொம்ப நாள் போட்டு வைக்க வேணாம். வெனிலா, செர்ரி எல்லாம் தெளிச்ச வாசனைப் புகையிலைய பழுக்க வைக்கிறதுல பலனே இல்ல, ஒரு வருஷத்துல தீர்த்துடுங்க.

ரெண்டாவது ஜாடியத் தூக்கிப் பார்த்தா மூடி கால் சுத்து தளர்ந்து கெடக்கு. உள்ள ஃப்ளேக் முருங்கைச் சருகு மாதிரி, தொட்டா பொடியுது. நோட்டுல எந்தப் பதிவும் இல்ல. யாருன்னு நான் கேக்கல, இனியும் கேக்கப் போறதில்ல, ஆனா அஞ்சு வருஷம் காத்திருந்தது ஒரு ஆளுக்காக இல்ல. பக்கத்துல இன்னொரு ஜாடியில, காஞ்சு போச்சேன்னு யாரோ ஆப்பிள் துண்டு போட்டு வெச்சிருக்காங்க, வெள்ளையா பஞ்சு மாதிரி பூசணம், பழைய கோணி வாடை. அத அப்படியே குப்பையில கொட்டினேன். பழைய இலையில பளபளன்னு பொடிப் பொடியா படிகம் தெரிஞ்சா பயப்பட வேணாம், ஆனா மயிர் மாதிரி வளர்ந்து நின்னா அது பூசணம்தான், தொடச்சுட்டுப் பிடிக்கலாம்னு நினைக்காதீங்க. ஆப்பிள், உருளைக்கிழங்கு, ஆரஞ்சுத் தோல் எதுவும் வேணாம்யா, ஈரம் வேணும்னா என்கிட்ட ஜாடிக்குள்ள ஈரப்பதத்த 65 சதவீதத்துல நிறுத்துற பொட்டலம் இருக்கு, கேளுங்க.

எல்லாத்துக்கும் மூலம் அந்த இடம்தான். அலமாரி இருந்தது மொட்டைமாடி ரூம்ல, மேக்குச் சுவரு, மே மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சுவத்துல கை வைக்க முடியாது. மூணு வருஷமா இத நான் சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஜூன்ல தலைவர் அண்ணன் வீட்டுல கீழ, முன்ன நெல்லு கொட்டி வெச்ச ரூம ஒதுக்கிக் குடுத்தாரு, சன்னல் இல்ல, கெட்டிச் சுவரு, வெளிய கொளுத்துற நாள்லயும் உள்ள கால் வெச்சா தரை சில்லுங்குது. முப்பத்தோரு ஜாடியயும் நானும் அண்ணன் மகனும் ரெண்டு நாள்ல எறக்கினோம். விளக்குத்தூண் பக்கம் போயி கம்பிக் கொக்கி வெச்ச கண்ணாடி ஜாடி வாங்கி, வெந்நீர்ல போட்டு, வெயில்ல காயவெச்சு, ரப்பர் வளையம் மாட்டி, ஒவ்வொண்ணுலயும் பேரு, வருஷம், மாசம் எழுதி ஒட்டியிருக்கேன். பழைய ஊறுகா பாட்டில் எல்லாத்தையும் கழிச்சுட்டேன், எத்தன தடவ கழுவுனாலும் மூடியில பெருங்காயம் போகல.

வேடசந்தூர்ல ஒரு பெரியவர் காஞ்ச இலைய அடுக்கிப் போர் போட்டு வெச்சிருந்தாரு. கைய உள்ள விடச் சொன்னாரு. வெதுவெதுன்னு இருந்துச்சு. சூடு ஏறுனா பிரிச்சு, உள்ள இருந்தத வெளிய, வெளிய இருந்தத உள்ளன்னு மாத்தி அடுக்கணுமாம், ஒரு நாள் அசந்தா போர் முழுக்கப் போச்சுன்னாரு. இலை வெந்துராமப் பாத்துக்கிட்டே இருக்கணும், நம்ம ஜாடிக்கும் அதே கவனம் வேணும்னு எனக்கு அங்கதான் பட்டுச்சு.

வரவு செலவு பொருளாளர் நோட்டுல இருக்கு, ஜாடிச் செலவு போக கையில ரெண்டாயிரத்துச் சொச்சம். ஜாடிக்கு என் கையில இருந்து போட்டது இன்னும் வரல, அவசரமும் இல்ல. இருபத்துமூணு உறுப்பினர்ல சந்தா முழுசாக் கட்டினது பதினோரு பேர், நாலு பேர் பாதி. வருஷத்துக்கு அறுநூறு ரூவாதான். ஒம்பது கூட்டத்துல ஒண்ணுக்குக்கூட வராதவங்க அஞ்சு பேர், அதுல மூணு பேரோட டின்னு நம்ம அலமாரியிலதான் இருக்கு, அதையும் மத்ததோட சேர்த்துத்தான் தொடச்சு வெச்சுட்டு வரேன்.

டாக்டர் நிறுத்தச் சொல்லி நிறுத்திட்ட அண்ணா நகர் சார் இப்பவும் வந்து உக்காந்து பேசிட்டுப் போறாரு, அவருக்கு நன்றி. இடம் குடுத்த தலைவர் அண்ணனுக்கும், டீ போட்டுக் குடுத்த அண்ணிக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த வருஷத்துக்கு ஒரு விஷயம். வெடிச்சுப்போன ரப்பர் வளையம் எல்லாத்தையும் மழைக்கு முன்ன மாத்தணும், ஐப்பசி ஈரம் உள்ள போயிட்டா மறுபடி பூசணம்தான். கையிருப்பு அதுக்குப் பத்தாது. 2019 ஜாடி இன்னும் ஒண்ணு பிரிக்காம இருக்கு, சித்திரைத் திருவிழா முடிஞ்ச ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு கீழ ரூம்ல திறக்குறோம், எல்லாரும் வாங்க, சந்தா நோட்டையும் எடுத்துட்டு வந்திருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்