முட்டையும் எண்ணெயும் மெனு அட்டையில் தமிழில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாஃபிள், ஃப்ரைஸ், சாக்லேட் பானம் என்று பெல்ஜியப் பாணியில் பரிமாறும் உணவகங்களுக்குக் குடும்பத்தோடு போய்வருவது திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் இப்போது சாதாரணமாகிவிட்டது. பிற நாட்டு உணவை நம் ஊர்ப் பிள்ளைகள் ருசித்துப் பழகுவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மேசைக்கு வரும் மெனு அட்டையில் படமும் விலையும் இருக்கின்றனவே தவிர, எந்தப் பண்டத்தில் முட்டை சேர்கிறது, எது எந்த எண்ணெயில் பொரிகிறது என்ற விவரம் தமிழில் இருப்பதில்லை. அதைச் சேர்க்கும்படி கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் மாநகரிலுள்ள அத்தகைய உணவகம் ஒன்றுக்கு, முட்டையைக்கூடத் தொடாத என் சித்தியையும் அழைத்துக்கொண்டு போயிருந்தோம். "தம்பி, இதுல முட்டை உண்டா?" என்று அவர் கேட்டதற்கு, பரிமாற வந்த இளைஞர், "இல்லம்மா, எல்லாம் வெஜ்தான்" என்றார். சதுரக் குழிகளில் உருகிய சாக்லேட் நிரம்பி, ஓரம் பொன்னிறமாக மொறுமொறுத்திருந்த வாஃபிளில் ஒரு துண்டைச் சித்தி வாயில் போட்ட பிறகுதான், முட்டை சேர்க்காத வாஃபிள் தனியாக உண்டு என்று அதே இளைஞர் பக்கத்து மேசையில் சொல்வது எங்கள் காதில் விழுந்தது. சமையலறையில் விசாரித்துவிட்டு வந்தவர், எங்களுக்குக் கொடுத்த வாஃபிளின் மாவில் முட்டை உண்டு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்தப் பிள்ளைமீது எனக்கு வருத்தமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆனால் சித்தி அதற்குமேல் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பெல்ஜியத்தின் செய்முறையிலேயே முட்டை உண்டு என்பதால் அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. நீள்சதுரமாகவும் லேசாகவும் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் வாஃபிளுக்கும், முத்துப் போன்ற சிறு கட்டிகளாலான சர்க்கரை சேர்த்து ஈஸ்ட் மாவில் சுடும் லியேஜ் வாஃபிளுக்கும் முட்டை வழக்கமான சேர்மானம். சீஸ் குரோக்கெட் என்ற பொரித்த பண்டத்தைப் பார்த்தால் பால்கட்டி மட்டுமே இருப்பதாகத் தோன்றும். வெளியே ரொட்டித்தூள் ஒட்டுவதற்கு அதை முட்டை வெள்ளையில் தோய்த்தெடுப்பார்கள். ஃப்ரைஸும் அப்படித்தான். உருளைக்கிழங்கை முதலில் சுமார் 150 டிகிரி சூட்டில் வேகவைத்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடி 180 டிகிரி அளவில் பொரிப்பதால்தான் உள்ளே மாவாகவும் வெளியே மொறுமொறுப்பாகவும் வருகிறது. அந்நாட்டில் இதற்கு மரபாகப் பயன்படுவது மாட்டுக் கொழுப்பு. இன்று அங்கேயும் பல கடைகள் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டன. நம் ஊர்க் கடைகளும் தாவர எண்ணெயையே பயன்படுத்துகின்றன என்றே நம்புகிறேன். ஆயினும், கோழி பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கையும் போடுகிறார்களா என்பது மேசையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இது சைவக் குடும்பங்களின் கவலை மட்டுமன்று. அசைவம் உண்பவர்களிலேயே பலர் புரட்டாசியிலும், கார்த்திகையில் மாலை போட்ட பிறகும் முட்டையைத் தவிர்க்கிறார்கள். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் தவக்காலத்தில் இறைச்சியை ஒதுக்குவோர் உண்டு. பெல்ஜியத்தில் மாட்டிறைச்சிக் குழம்பைப் பீரில் வேகவைப்பதும், சிப்பியை வெள்ளை ஒயினில் அவிப்பதும் வழக்கமாகையால், அத்தகைய பதார்த்தங்களை இங்கே பரிமாறினால் மேலப்பாளையத்திலிருந்து வரும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் அதைச் சொல்லியாக வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கோ இது உடல்நலம் சார்ந்த விஷயம்.

மயோனைஸைத் தனியாகவே குறிப்பிட வேண்டும். ஃப்ரைஸைக் காகிதக் கூம்பில் போட்டு மயோனைஸோடு தருவது பெல்ஜிய வழக்கம். அது மரபாகப் பச்சை முட்டையில் செய்யப்படுவது. சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் உணவு நஞ்சாகும் அபாயத்தைக் காட்டி, பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. அவ்வளவு தூரம் அரசு எச்சரித்த பண்டம், முட்டையில் செய்ததா, முட்டை இல்லாததா என்ற குறிப்பே இன்றிச் சிறு கிண்ணத்தில் மேசைக்கு வருவது சரியன்று.

நம் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி முட்டை சேர்ந்த உணவு அசைவமே. விலங்குக் கொழுப்பில் பொரித்ததும் அசைவமே. எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் அதில் பெருகும் போலார் சேர்மங்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைத் தொடர்ந்து பயன்படுத்தக்கூடாது என்ற விதியும் 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே முட்டை, எண்ணெய் பற்றிய விவரம் சமையலறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். அதை ஒவ்வொரு பண்டத்தின் பெயருக்குக் கீழும் "முட்டை உண்டு", "கோழி பொரிக்கும் எண்ணெயில் பொரித்தது" என்று ஒரு வரியில் தமிழில் அச்சிட்டால், பெரியவர்கள் யாரையும் கேட்காமலே தங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் இந்த உணவகங்களை ஆய்வு செய்யும்போது சமையலறையோடு மெனு அட்டையையும் பார்த்து, இந்த விவரத்தைத் தமிழில் சேர்க்கும்படி அறிவுறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். உணவக உரிமையாளர்களும் உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை; புதிய அட்டை அச்சாகும்வரை, இருக்கிற அட்டையில் ஒரு தாளை ஒட்டினாலே போதும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.